முதலில் டையைத் திருப்பிப் போடுங்கள்

பழைய அமெரிக்க டை சேர்க்கும் ஆசையோடு வருகிற தம்பி தங்கைகளுக்கு:

1. விற்கிறவர் "நாற்பதுகளின் சரக்கு" என்பார். அவர் பார்த்தது பூவையும் நிறத்தையும்தான். அந்தப் பூவைப் போன வருடமும் அச்சடித்திருப்பார்கள். முன்பக்கத்தை அப்புறம் ரசிக்கலாம், பின்பக்கத்தைப் பாருங்கள்.

2. ஒரு டையில் இருக்கும் அடையாளங்களில் எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதற்கு முன்னால் அந்த டை பிறந்திருக்க முடியாது. லேபிளில் 'டேக்ரான்' என்று இருந்தால், டூபான்ட் கம்பெனி அந்தப் பெயரில் பாலியஸ்டரை விற்க வந்தது 1950களின் தொடக்கத்தில். அதோடு நாற்பதுகள் பேச்சு முடிந்தது.

3. இழையின் பெயரையும் சதவீதத்தையும் எழுதச் சொல்லும் அமெரிக்கச் சட்டம் 1958இல் நிறைவேறி, 1960 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. ஆகவே '60% பாலியஸ்டர், 40% பட்டு' என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 'முழுப் பட்டு' என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள், பெருமைக்காக அதை முன்பே எழுதினார்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் உடனே பழையது என்று துள்ள வேண்டாம். லேபிள் பிய்ந்த ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். முடிச்சுப் போட்டே விற்கும் கிளிப் டைக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. லேபிளில் 'ஆர்.என்.' (நிறுவனத்தின் பதிவெண்) என்ற எழுத்தோடு 13670 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் அது 1959க்கு முன் போகாது.

4. எல்லோரும் அகலத்தைத்தான் முதலில் அளக்கிறார்கள். எனக்கு அது கடைசிச் சாட்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நான்கு, நான்கரை அங்குல டைகள் வந்தன. 1948இல் எஸ்குயர் பத்திரிகை 'போல்ட் லுக்' என்று அதற்கு மேளம் கொட்டியது. ஐம்பதுகளில் மெலிந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கும் கீழே போயிற்று. பிறகு லண்டனில் வடிவமைப்பாளர் மைக்கேல் ஃபிஷ்ஷின் 'கிப்பர்' டை, 1967இல் நியூயார்க்கில் ரால்ஃப் லாரனின் அகல டை என்று மறுபடியும் பெருத்தது. அதாவது அகல டைக்கு இரண்டு பிறப்புக் காலம் உண்டு. பிரித்தறிய நீளத்தைப் பாருங்கள். நாற்பதுகளில் பேன்ட்டைத் தொப்புள் வரை ஏற்றிப் போட்டதால் டை குட்டையாக இருந்தாலே போதும். எழுபதுகளின் டை நீளம், கனம், பெரும்பாலும் பாலியஸ்டர். நாற்பதுகளின் டையைக் கையில் எடுத்தால் உள்ளே கேன்வாஸ் மெல்லியதாகவும் நுனியில் லைனிங் இல்லாமலும் இருப்பது சகஜம்.

5. துணியைக் கிராஸாக வெட்டி மூன்று துண்டாக இணைக்கும் முறைக்கு ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்ற நியூயார்க்காரர் 1920களில் காப்புரிமை வாங்கினார். மெல்லிய முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நன்றாகத் தைத்த கிராஸ் டை முறுக்காமல் தொங்கும். நேராக வெட்டியிருந்தால் அதற்கு முந்தையது என்று ஆகாது, மலிவு டைகளைப் பிறகும் அப்படித்தான் வெட்டினார்கள்.

6. உள் கேன்வாஸில் மஞ்சள் கோடுகள் தெரியும். அவை அதன் கனத்தைச் சொல்பவை, வருடத்தை அல்ல.

7. உள்மடிப்பிலிருந்து ஒரு நூல் இழுத்துக் கொளுத்துங்கள் (உங்களுடைய டை என்றால் மட்டும்). பட்டு, தலைமுடி கருகும் வாடை அடித்துப் பொடியும். ரேயான் காகிதம் போல எரியும். பாலியஸ்டர் உருகி மணியாகும். 1941 கோடையில் ஜப்பான் பட்டு வரத்து நின்றுபோனதால் போர்க்கால அமெரிக்க டைகளில் ரேயான் மிகுதி. '1943, அசல் பட்டு' என்று யாராவது சொன்னால் கடையின் பழைய இருப்பாக இருக்கலாம், ஆனாலும் சந்தேகம் நல்லது.

8. சாய்கோடு இடத் தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கினால் பிரிட்டிஷ் வழக்கம். புரூக்ஸ் பிரதர்ஸ் அதைத் திருப்பிப் போட்டு அமெரிக்க வழக்கமாக்கியது. ஊர் தெரியும், காலம் தெரியாது.

9. கண்டுபிடித்ததை '1960க்குப் பின், 1970க்கு முன்னாக இருக்கலாம்' என்பதுபோல் ஒரு சீட்டில் எழுதுங்கள். '1963' என்று போட்டால் விலை ஏறும், உங்கள் பேச்சுக்கு மதிப்பு இறங்கும். டையைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். தளர்வாகச் சுருட்டி, அந்தச் சீட்டை நடுவில் வையுங்கள். குண்டூசி குத்தாதீர்கள், துருக்கறை போகாது.