ஜோஷுவா கிடிங்ஸ்: எதிராளியின் வாதத்தையே திருப்பியவர்

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது யார்னு கேட்டா, நாம எல்லாரும் டக்னு லிங்கன்னு சொல்லுவோம். ஆனா லிங்கன் அதிபராவதற்கு முன்பே, இருபது வருஷம் பிரதிநிதிகள் சபையில் இதுக்காகப் போராடியவர் ஜோஷுவா கிடிங்ஸ். அவரைத் தெரிஞ்சுக்க ஒரு கப்பல் கதை போதும்.

1795-இல் பிறந்த கிடிங்ஸ், ஒஹையோவில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. சொந்த முயற்சியில் படித்து வக்கீலானார். 1838-இல் சபைக்குள் நுழைந்தபோது, அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாதுன்னு அங்கே தடை இருந்தது!

1841 நவம்பரில் 'கிரியோல்' கப்பல் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு 135 அடிமைகளை ஏற்றிச் சென்றது. நடுக்கடலில் மேடிசன் வாஷிங்டன் என்பவர் தலைமையில் சிலர் கப்பலைக் கைப்பற்றி, பஹாமாஸின் நாசாவுக்குத் திருப்பினாங்க. அது பிரிட்டிஷ் பகுதி. அங்கே அடிமை முறை ஏற்கெனவே ஒழிஞ்சிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அமெரிக்க அரசோ, நம்ம ஆட்களின் சொத்து போச்சேன்னு பிரிட்டனிடம் முறையிட்டது.

இங்கதான் கிடிங்ஸின் லாஜிக்கைக் கவனிங்க. அடிமை முறை மாநில விஷயம், மத்திய அரசு தலையிடக் கூடாது என்பதுதான் தென் மாநிலங்களின் வாதம். அவர் அதை மறுக்கவே இல்லை. சரி, மாநிலச் சட்டம்தான் ஒருத்தரை அடிமையாக்குதுன்னா, அந்தச் சட்டம் செல்லாத நடுக்கடலில் அவர் எப்படி அடிமை? கப்பலில் இருந்தவங்க தங்கள் இயல்பான சுதந்திரத்தைத்தான் திரும்ப எடுத்துக்கிட்டாங்க; அது குற்றமில்லை. நம்ம பாஷையில் சொன்னா, பவுண்டரி கண்டிஷன்.

1842 மார்ச்சில் இதை ஒன்பது தீர்மானங்களாகச் சபையில் வைத்தார். மறுநாளே 125-க்கு 69 என்ற கணக்கில் அவர்மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. தன் தரப்பைப் பேசக்கூட விடலை. கிடிங்ஸ் உடனே பதவியை ராஜினாமா செய்துட்டு, தொகுதி மக்களிடமே போனார். இடைத்தேர்தலில் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்து, சில வாரங்களில் அதே சபைக்குத் திரும்பினார். 1844-இல் அந்த மனுத் தடையும் நீங்கியது.

1858-இல், ஃபுளோரிடாவுக்குத் தப்பியோடி செமினோல் மக்களோடு வாழ்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 1864-இல் மாண்ட்ரியலில், தூதரகப் பணியில் இருக்கும்போதே இறந்தார். அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த 13-வது சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது 1865 டிசம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

அடுத்த முறை விவாதத்தில் இறங்கும்போது, எதிராளி சொல்வதை ஒரு நிமிஷம் அப்படியே ஏற்றுக்கிட்டு, அதன் எல்லை எதுவரைன்னு கேட்டுப் பாருங்க.