திருத்தல யாத்திரையில் ஆகார நியமம்

பிரம்மோத்ஸவத்தைச் சேவிக்க வரும் பாகவதர்கள் பலர், உத்ஸவம் நிறைவுற்றதும் அடுத்த திவ்ய தேசத்துக்கு வழி கேட்கின்றனர். வழியை விசாரித்தவுடன் அவர்கள் வாயினின்று வரும் இரண்டாவது கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பதே. இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆகாரத்துக்கு அஞ்சியே பத்ரி யாத்திரையை ஆயுள் முழுதும் தள்ளிப்போட்டவர் உண்டு. நியமம் என்று சொல்லி இரண்டு நாள் ஒன்றும் உட்கொள்ளாமல், ஸந்நிதி வரிசையில் மயங்கி விழும் முதியோரும் உண்டு. "யாத்திரையில் எல்லாம் செல்லும்" என்று, வீட்டில் தொடாததையெல்லாம் வழியில் உண்டு திரும்புவோரும் உண்டு. இம்மூவகையாரும் சாஸ்திரத்தின் உட்கருத்தை அறியாதவரே. உண்மையில் சாஸ்திரம் வழிநடப்பவனைக் கைவிடவுமில்லை, கட்டவிழ்த்து விடவுமில்லை. அது காட்டும் நெறி யாது என்பதைச் சுருக்கமாக ஆராய்வோம்.

அன்னத்துக்கு மூன்று தோஷங்கள்

ஆகாரம் தூயதானால் மனம் தூயதாகும். மனம் தூயதானால் பகவத் ஸ்மரணம் நிலைத்து நிற்கும் என்பது சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்ட பொருள். பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத் தொடக்கத்தில், பக்தி கைகூடுவதற்குரிய ஏழு ஸாதனங்களை எடுத்துரைக்கும்போது முதலாவதாக 'விவேகம்' என்பதை வைத்தார். ஈண்டு விவேகம் என்பது ஆகாரத்தைப் பிரித்தறிதலாம். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூன்றாலும் குற்றமில்லாத அன்னத்தைக் கொள்வதால் வரும் சரீர சுத்தியே அது.

இவற்றுள் ஜாதி தோஷம் என்பது பண்டத்தின் இயல்பிலேயே உள்ள குற்றம். புலால், முட்டை, வெங்காயம், பூண்டு முதலியவை நம் ஸம்பிரதாயத்தில் இதில் அடங்கும். ஆச்ரய தோஷம் என்பது அன்னத்துக்கு உடையவனுடைய தீய நடத்தையால் வருவது. துரியோதனன் அளித்த விருந்தைக் கண்ணபிரான் மறுத்து விதுரன் திருமாளிகையில் அமுது செய்தது இதற்குச் சிறந்த உதாரணம். ஒருவன் இல்லத்தில் உண்பது அன்பினால் ஆகவேண்டும், அன்றேல் ஆபத்தினால் ஆகவேண்டும். உன்னிடம் அன்பில்லை, எமக்கோ ஆபத்தில்லை என்னும் கருத்தை அப்போது பகவான் அருளினான். நிமித்த தோஷம் என்பது நல்ல பண்டத்துக்கு இடையில் நேரும் குற்றம். மயிர், புழு முதலியன விழுதல், எச்சிற்படுதல், ஊசிப்போதல் ஆகியவை இதன்பாற்படும்.

வழியில் ஓர் உணவகத்தின் முன் நிற்கும் யாத்ரிகன் இம்மூன்றையும் மூன்று கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். 'இது என்ன பண்டம்? இதைச் செய்தவர் யார், எம்முறையில் செய்தார்? எப்போது செய்தது, எப்படி வைத்திருந்தது?' இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் பாதி கவலை தீர்ந்தது.

உஷஸ்தி காட்டிய எல்லை

விடை கிடைக்காத இடத்தில், அல்லது விடை பாதகமாக வரும் இடத்தில் என் செய்வது? இதற்கும் சாந்தோக்யமே வழி காட்டுகிறது. குரு தேசம் இயற்கைச் சீற்றத்தால் விளைவழிந்து பஞ்சமுற்ற காலத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்னும் வேதவித்து, மனைவியுடன் ஊர் ஊராக அலைந்து ஒரு கிராமத்தை அடைந்தார். அங்கே ஒருவன் தாழ்ந்த பயறு வகையான குல்மாஷத்தை உண்டுகொண்டிருந்தான். உஷஸ்தி அவனிடம் யாசித்தார். தான் உண்பதைத் தவிர வேறில்லை என்றான் அவன். அதிலேயே தரும்படி கேட்டுப் பெற்று உண்டார். பின் அவன் தன் தண்ணீரையும் நீட்ட, அது எச்சில் என்று மறுத்துவிட்டார். பயறு மட்டும் எச்சிலன்றோ என்று அவன் வினவினான். அதை உண்ணாவிடில் உயிர் தரித்திராது. தண்ணீரோ வேண்டுமிடத்தில் கிடைக்கும் என்பதே அவருடைய விடையின் ஸாரம்.

இந்த வரலாற்றை ஆதாரமாகக் கொண்டே பிரம்ம ஸூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில், எல்லா அன்னத்துக்கும் உள்ள அனுமதி உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டுமே என்று ஸித்தாந்தம் செய்யப்பட்டது. பிரம்ம ஞானிக்கே அவ்வளவுதான் சலுகை என்றால் நம் போல்வார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அன்பர்கள் கவனிக்க வேண்டியது உஷஸ்தி பயறு உண்டதை மட்டுமன்று. தண்ணீரை மறுத்ததையும் ஆம். ஒன்றில் நியமம் தளர்ந்தது என்பதற்காக அடுத்ததிலும் தளர்த்திவிடவில்லை. நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவே சலுகை. அது நீங்கிய கணமே நியமம் மீள்கிறது. 'ஒரு வேளை போயிற்று. இனி யாத்திரை முடியும்வரை எப்படியானால் என்ன' என்று நினைப்பவர் இதை நெஞ்சில் நிறுத்துக. பூண்டு கலந்த பருப்பைத் தவிர வேறில்லாத ஊரில், தயிரும் வெறுஞ்சோறும் கேட்டால் கிடைக்குமாயின் அங்கே ஆபத்து என்பதே இல்லை.

கட்டமுதின் பெருமை

நம் முன்னோர் கால்நடையாக யாத்திரை சென்ற காலத்தில் இவ்விடரை முன்னறிந்து செய்த ஏற்பாடே கட்டமுது. சமைத்து ஒரு யாமம், அதாவது மூன்று மணி நேரம், கடந்து ரஸமிழந்த அன்னத்தைத் தாமஸ ஆகாரத்தில் சேர்த்தது கீதையின் பதினேழாம் அத்தியாயம். ஆயினும் நெய், எண்ணெய் சேர்ந்து கெடாதிருக்கும் பண்டம் பழையதானாலும் உண்ணத்தக்கதே என்று மநு ஸ்ம்ருதியின் ஐந்தாம் அத்தியாயம் விதிவிலக்குத் தந்தது. புளியோதரை வழிப்பயணத்துக்கு உகந்ததானதன் காரணம் இங்கே விளங்கும். புளியின் புளிப்பும், நன்கு காய்ந்த நல்லெண்ணெயும், உப்பும் சேர்ந்து அன்னம் விரைவில் கெடாமல் காக்கின்றன. ததியோன்னம் கட்டுவோர் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் விட்டுப் பிசைவதும் அனுபவ ஞானமே. நண்பகலில் அது புளிக்காமல் பதமாக இருக்கும். ஆயினும் இதை அன்றைய பகலுக்கு மேல் வைத்திருத்தல் தகாது.

நீண்ட யாத்திரைக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், நெற்பொரி, சத்துமாவு, வெல்லம், உப்பிட்ட நெல்லி அல்லது நார்த்தங்காய் ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கொண்டு செல்க. எந்த ஊரிலும் வெறுஞ்சோறு கிடைக்கும். அத்துடன் புளிக்காய்ச்சலோ பருப்புப்பொடியோ சேர்ந்தால் ஒரு வேளை நிறைவாகும். அவலை நீரில் நனைத்து வெல்லம் சேர்த்தால் அடுப்பே வேண்டாம்.

திருக்கோயில் அன்னம்

யாத்ரிகனுக்கு முதல் புகலிடம் எம்பெருமான் திருமடைப்பள்ளியே. அங்கே மூன்று தோஷங்களுக்கும் இடமில்லை. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002ஆம் ஆண்டு தொடங்கியது. திருவரங்கத்தில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. திருமலையில் 1985இல் தொடங்கிய நித்ய அன்னதானம், 2011 முதல் தரிகொண்ட வேங்கமாம்பா பெயரால் அமைந்த பெரிய மண்டபத்தில் நிகழ்கிறது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4,000 பேர் அமர்ந்து உண்ணலாம்.

பூரி ஜகந்நாதத்தில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் பக்குவம் செய்த மஹாபிரஸாதம், ஆனந்த பஜார் என்னுமிடத்தில் கிடைக்கும். வெங்காயம், பூண்டு மட்டுமன்றி உருளைக்கிழங்கும் தக்காளியும் அங்கே சேர்ப்பதில்லை. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் பேதமின்றி யாவரும் கூடி அதை உண்பது அத்தலத்தின் மரபு. எனவே எவ்வூர் சென்றாலும் முதலில் கோயிலில் பிரஸாதம் வழங்கும் வேளையை விசாரித்துக்கொண்டு, அதற்கேற்பப் பிரயாணத்தை அமைத்துக்கொள்க.

வழி உணவகங்களில் விசாரிக்கும் முறை

வடதேசத்தில் 'வைஷ்ணவ போஜனாலயம்', 'வைஷ்ணோ தாபா' என்னும் பெயர்ப்பலகைகளைக் காணலாம். புலாலற்ற உணவுக்கே வைஷ்ணவன் பெயர் வழங்குவது நாம் மகிழத்தக்கது. அப்பெயருக்கு நாம் கடன்பட்டவரும் ஆகிறோம். ஆயினும் 'சுத்த சாகாஹாரி' என்ற பலகை புலாலும் முட்டையும் இல்லை என்பதற்கே உறுதி. வெங்காயம், பூண்டு இருக்கலாம். ஆதலின் "பினா ப்யாஜ், பினா லஹஸுன்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பருப்பில் கடைசியில் சேர்க்கும் தாளிதத்தில்தான் இவை பெரும்பாலும் கலக்கும். 'தட்கா' இன்றிப் பருப்பைத் தரச்சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். 'நான்' என்னும் ரொட்டியில் சிலர் முட்டை சேர்ப்பர்; கோதுமை மாவும் நீரும் மட்டும் கொண்ட சப்பாத்தியே நம்பத்தக்கது. வங்கம், ஒடிசா பகுதிகளில் மீன் அன்றாட உணவாதலின் 'நிராமிஷ்' என்று கேட்பது வழக்கம். 'ஜைன உணவு' என்று கேட்டால் வெங்காயம், பூண்டுடன் கிழங்கு வகைகளும் இன்றித் தருவர்.

கட்டி விற்கும் தின்பண்டங்களில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருப்பின் அது சைவப் பண்டம். பழுப்பு நிற முக்கோணம் இருப்பின் விலக்குக. இங்கும் பச்சைப் புள்ளி பூண்டு இல்லை என்பதற்குச் சான்றாகாது, பொருட்பட்டியலைப் படிக்கவேண்டும்.

பத்ரிகாசிரமம் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. ரிஷிகேசத்தில் முட்டை, புலால் விற்பனையைத் தடுக்கும் நகராட்சி விதி செல்லும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கிருந்து கண்டமென்னும் கடிநகரான தேவப்பிரயாகை, திருப்பிரிதியான ஜோஷிமடம் வழியாகப் பத்ரி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இவ்வழியிலுள்ள எல்லாக் கடைகளும் ஒரே வகையின அல்ல, விசாரித்தே உட்காருக. ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரமுள்ள பத்ரியில் தண்ணீர் சுமார் 90 பாகையிலேயே கொதித்துவிடும். அதைவிட உயர்ந்த ஸாளக்கிராமமாம் முக்திநாதத்தில் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக வெகுநேரமாகும். வேகாத பருப்பு வயிற்றைக் கெடுக்கும். அழுத்தக் கலத்தில் வெந்த கிச்சடியும் சூடான ரொட்டியும் அங்கே உத்தமம். எவ்விடத்தும் கொதித்தாறிய நீரையே பருகுக. அறுத்து வைத்த பழங்களை விலக்கி, தோலுரித்து உண்ணும் வாழை, ஆரஞ்சு முதலியவற்றைக் கொள்க.

சர்க்கரை நோய் முதலியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் நியமத்தின் பெயரால் வேளை தவறலாகாது. வைத்தியர் சொற்படி உரிய நேரத்தில் உண்பதற்குக் கையில் எப்போதும் ஏதேனும் வைத்திருத்தல் கடமை. பெருமாளைச் சேவிக்கச் செல்லும் சரீரத்தைப் பேணுவதும் கைங்கர்யத்தின் பகுதியே.

எம்பெருமானார் நடந்து காட்டிய வழி

ஸ்ரீராமாநுஜர் திருவரங்கம் விட்டு மேலைநாட்டுக்கு எழுந்தருளியபோது, காட்டு வழியில் பசியால் வாடிய சிஷ்யர்களுக்கு வேடர்கள் தேனும் தினைமாவும் அளித்தனர். அன்புடன் தந்த அதை அவர்கள் ஏற்றனர். பின்னர்க் கொங்குப்பிராட்டியின் இல்லத்தில், அவள் தளிகை செய்த முறையைக் கவனித்து அறிந்த பின்னரே சிஷ்யர்கள் அமுது செய்தனர் என்று குருபரம்பரை கூறும். ஆபத்தில் அன்பை ஏற்றதும், விசாரிக்க வாய்ப்பிருந்த இடத்தில் விசாரித்ததும் ஒரே பிரயாணத்தில் நிகழ்ந்தன. உஷஸ்தி காட்டிய நெறியே இது.

ஒன்று மட்டும் இறுதியாகச் சொல்லவேண்டும். நியமம் நமக்கு, அதைக் கொண்டு பிறரை அளக்கலாகாது. பக்கத்து இருக்கையில் வேறு உணவு உண்பவரைக் கண்டு முகம் சுளிப்பதும், பரிமாறுபவனைக் கடிந்துகொள்வதும் மனத்தைக் கலக்கும். மனத்தூய்மைக்காக ஏற்பட்ட ஆகார சுத்தியால் மனமே மாசுறுமாயின் பயன் யாது? பணிவுடன் கேட்பவனுக்கு எந்த ஊரிலும் ஒரு பிடி நல்லன்னம் கிட்டாமற் போகாது. கிட்டியதை எம்பெருமானுக்கு மனத்தால் ஸமர்ப்பித்து, உடன் வருவோருடன் பகிர்ந்து, இலையில் மீதி வைக்காமல் உண்க.

இவ்வாண்டு உத்ஸவம் சேவித்து மேலும் திவ்ய தேசங்களை நாடிச் செல்லும் பாகவதர்கள் அனைவரும், ஆகாரத்துக்கு அஞ்சாமலும் நியமத்தைக் கைவிடாமலும் யாத்திரையை இனிது நிறைவேற்றித் தத்தம் இல்லம் சேர, திருமாமகள் கேள்வன் திருவருள் முன்னிற்பதாக.