சுளுக்கும் தசைப்பிடிப்பும்: காப்பும் சிகிச்சையும்

உழைப்பாளிக்கு உடலே முதல். கம்பைநல்லூர்ச் சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டுவோரும், புளி உலுக்குவோரும், வாரச்சந்தைக்குச் சுமை கொண்டுவருவோரும் ஒரு நாள் காலூன்ற இயலாமற்போனால், அன்றைய கூலி இல்லை என்பதை யாவரும் அறிவர். ஆதலின், சிறிதென நாம் எண்ணும் சுளுக்கைப் பற்றிச் சிறிது ஆராய்தல் நலம்.

சில ஆண்டுகட்கு முன் சிற்றூர் ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது நாம் கண்ட நிகழ்ச்சி இது. ஈர வரப்பில் வழுக்கிக் கணுக்கால் பிசகிய பெண்ணொருத்திக்கு, உடனே எண்ணெய் தடவி, காலை அழுத்தி இழுத்துச் சுளுக்கு வழித்தனர். நாமும் அருகிருந்தோம், தடுத்துக் கூற நமக்கும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து எக்ஸ்-ரே எடுத்தபோது எலும்பு முறிந்திருந்தது புலனாயிற்று. அக்குடும்பம் இரண்டு மாதக் கூலியை இழந்தது.

இரண்டும் ஒன்றல்ல

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் அளவுக்கு மீறி இழுபட்டாலோ கிழிந்தாலோ அது சுளுக்கு. பாதம் உட்புறமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்புற நாரே பெரும்பாலும் கேடுறும். தசையோ, தசையை எலும்போடு சேர்க்கும் நாணோ இழுபடுவது தசைப்பிடிப்பு. குனிந்தவாறே மூட்டை தூக்குவோர்க்கு இடுப்பிலும், ஓடுவோர்க்குத் தொடையின் பின்புறத்திலும் இது நேரும்.

முதல் மூன்று நாட்கள்

அடிபட்ட உறுப்புக்கு ஓய்வு தருக. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் வரை வைக்கலாம். அது கிடையாத ஊரில் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். மீள்துணிக் கட்டை அளவாகக் கட்டுக. விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துக. படுக்கும்போது காலைத் தலையணை மீது உயர்த்தி வைக்க வேண்டும். இந்நாட்களில் சூட்டு ஒற்றடமும், புளியும் உப்பும் காய்ச்சிப் போடும் சூடான பற்றும், அழுத்திப் பிடித்துவிடுதலும் வேண்டா. இவை வீக்கத்தை மிகுவிக்கும்.

எப்போது மருத்துவமனை?

கானடா நாட்டு ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் எளிய விதியொன்றை வகுத்தனர். கணுவருகே வலியிருந்து, விழுந்தவுடனும் பின்னர் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி நடக்க இயலாவிடினும், கணுவெலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலும், எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உறுப்பு கோணியிருந்தாலும், உணர்ச்சி குன்றினாலும் காலந்தாழ்த்தல் ஆகாது. 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

நீவுதலின் இடம்

நீவுதலை நாம் இகழவில்லை. சித்த மருத்துவம் அதனைத் தொக்கணம் எனப் பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகையாகப் பகுத்துள்ளது. முறிவில்லை எனத் தெளிந்து, வீக்கம் வடிந்த பின்னர், பயின்ற கையால் மெல்ல நீவினால் இறுக்கமும் வலியும் சற்றுத் தணியலாம். ஆனால் கிழிந்த நாரை நீவுதல் ஒட்டவைக்காது. அதனை உடலே ஆற்றிக்கொள்ளும். புண், காய்ச்சல், காரணமின்றி ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் ஆகியவை இருப்பின் நீவலாகாது. காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப்பிடிப்பு நீங்கும் என்னும் நம்பிக்கையை விட்டொழித்தல் நன்று.

வலி தணியத் தணியப் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழகுக. பின்னர்ச் சுவரருகே ஒற்றைக்காலில் நின்று பழகினால் மீண்டும் பிசகும் வாய்ப்புக் குறையும். அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறைப் பயிற்சியை இல்லத்திலேயே அளிக்கும் ஏற்பாடும் இடம்பெற்றது. பயிற்சியும் மருத்துவமே என்பதை இதனால் உணரலாம்.

வருமுன் காத்தல்

சுமையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்து எழுக. தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர். பெருமூட்டையை இருவர் பகிர்ந்து தூக்குக. கபடி ஆடும் இளைஞர் முதலில் மெல்ல ஓடி உடலைச் சூடாக்கிக்கொள்க. வழுக்கும் வரப்பையும் குழி விழுந்த பாதையையும் ஊரார் கூடிச் செப்பனிடுக.

அன்று நமக்குத் தெரியாததை இன்று ஊரில் பத்துப் பேர் அறிந்திருந்தால், இன்னொரு குடும்பம் இரண்டு மாதக் கூலியை இழக்க நேராது. மாதர் சங்கத்தினரும் இளைஞர் மன்றத்தினரும் இச்செய்தியை வீடுதோறும் கொண்டுசெல்வாராக.