ஒரே படகு, மூன்று மாலுமிகள்: வெற்றி யாருக்குச் சொந்தம்?

மாணவர்களே, சைக்கிள் பந்தயத்தில் உங்கள் நண்பர் முதலாவதாக வருகிறார். அது அவருடைய கால்களின் வலிமையா, புது சைக்கிளின் பெருமையா? கண்டறிய ஒரு வழி உண்டு. சைக்கிளை மாற்றாமல் ஓட்டுபவரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கடலில் ஏறக்குறைய அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது, யாரும் திட்டமிடாமலேயே!

2006ஆம் ஆண்டு பிரான்சில் ‘குரூபாமா 3’ என்ற பாய்மரப் படகு நீரில் இறக்கப்பட்டது. பின்னர் அதன் பெயர் ‘பாங்க் பொப்பியுலேர் 7’ என்றும், அதற்குப் பிறகு ‘ஐடெக் ஸ்போர்ட்’ என்றும் மாறியது. பெயரோடு தலைமை மாலுமியும் மாறினார். ஆனால் படகு அதேதான்.

அகலமே பலம்

இது ‘டிரைமரான்’ வகையைச் சேர்ந்தது. நடுவில் ஓர் உடல், இரு பக்கமும் இரண்டு மிதவைகள். ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து பிறந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த சொல்தான் டிரைமரான்.

இதன் நீளம் 31.5 மீட்டர், அகலம் 22.5 மீட்டர். ஏன் இவ்வளவு அகலம்? காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயப் பார்க்கும். ஒற்றை உடல் கொண்ட பந்தயப் படகுகள் அடியில் கனமான எடையைத் தொங்கவிட்டு அதைச் சமாளிக்கின்றன. டிரைமரானோ சீசா பலகையின் தத்துவத்தைப் பயன்படுத்துகிறது. விசையின் திருப்புத்திறன், விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. தூரம் கூடினால் குறைந்த எடையே போதும். எடை குறைந்தால் வேகம் கூடும்.

இதில் ஆபத்தும் உண்டு. தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டால் அந்த அகலமே படகை நிமிரவிடாது. 2008 பிப்ரவரியில் உலகைச் சுற்றிவரும் முயற்சியின்போது, நியூசிலாந்து அருகே ஒரு மிதவை உடைந்து படகு கவிழ்ந்தது. படகிலிருந்த 10 பேரும் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். படகும் கரைக்குக் கொண்டுவரப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டது. அதே படகில் 2010ஆம் ஆண்டு பிராங்க் காமாஸ் குழுவினர் 48 நாள் 7 மணி நேரத்தில் உலகைச் சுற்றிச் சாதனை படைத்தனர்.

மூன்று பந்தயங்கள்

‘ரூட் து ரம்’ என்பது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பந்தயம். பிரான்சின் சான் மாலோவில் தொடங்கி, கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் முடியும். தூரம் 3,542 கடல் மைல், அதாவது சுமார் 6,560 கிலோமீட்டர். படகில் ஒரே ஒருவர்தான் இருக்கலாம். நமது படகு தொடர்ந்து மூன்று முறை வென்றது:

2010: பிராங்க் காமாஸ், 9 நாள் 3 மணி 14 நிமிடம்
2014: லொயிக் பெய்ரோன், 7 நாள் 15 மணி 8 நிமிடம்
2018: பிரான்சிஸ் ஜோயோன், 7 நாள் 14 மணி 21 நிமிடம்

2014இல் செல்லவிருந்தவர் அர்மெல் லு கிளியாக். கையில் காயம் பட்டதால் கடைசி நேரத்தில் பெய்ரோன் வந்தார், வென்றார். அப்படியானால் படகுதான் எல்லாமா? 2010இல் நேரம் அதிகம் என்பதால் காமாஸ் திறமை குறைந்தவரா?

அவசரப்படாதீர்கள். அறிவியல் பாடத்தில் படித்த மாறிகளை நினைவுபடுத்துங்கள். தற்சார்பு மாறி, மாலுமி. சார்பு மாறி, பயண நேரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறி, படகு. ஆனால் காற்றை யார் கட்டுப்படுத்தினார்கள்? ஒரே ஆண்டில் போட்டியிட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே பருவநிலை. ஆகவே அவர்களை ஒப்பிடலாம். வெவ்வேறு ஆண்டுகளின் நேரத்தை வைத்து மாலுமிகளை எடைபோட முடியாது.

காற்றின் பங்கு எவ்வளவு?

இதற்கும் இந்தப் படகே விடை தருகிறது. ஜோயோன் இதில் உலகைச் சுற்ற முயன்றார். 2016 ஜனவரியில் முடிந்த பயணத்துக்கு 47 நாள் 14 மணி ஆனது, சாதனை கைநழுவியது. மறு ஆண்டு 2017 ஜனவரியில் 40 நாள் 23 மணி 30 நிமிடத்தில் முடித்துப் புதிய சாதனை படைத்தார். அதே படகு, அதே தலைவர், இரு முறையும் ஆறே பேர். வித்தியாசமோ ஆறரை நாளுக்கும் மேல்!

காரணம், தென்கடலில் மேற்கிலிருந்து கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இரண்டாம் முறை அவர்கள் அதன் முன்பக்கத்திலேயே, பலத்த காற்றோடு நீண்ட தூரம் ஓடினர்.

இது வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. 2016 நவம்பரில் ஜோயோன் ஒருமுறை புறப்பட்டார். காற்று கைகொடுக்காததால் பாதியில் திரும்பினார். டிசம்பர் 16இல் மீண்டும் கிளம்பினார். காற்றை யாராலும் உண்டாக்க முடியாது. ஆனால் எப்போது புறப்படுவது, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பது மாலுமியின் கையில். இன்னார் பங்கு இவ்வளவு என்று கத்தியால் வெட்டிப் பிரிக்க முடியாதபடி படகும் மனிதரும் காற்றும் பின்னிக் கிடக்கின்றன.

2018 பந்தயத்தில் 62 வயது ஜோயோன், புதிய படகில் வந்த பிரான்சுவா கபாரை 7 நிமிடம் 8 வினாடியில் முந்தினார். கபாரின் படகில் சுக்கான் ஒன்று பழுதாகியிருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2020இல் ஜோயோன் குழுவினர் இதே படகில் ஹாங்காங்கிலிருந்து நம் பக்கத்துத் தென்சீனக் கடலில் இறங்கி, லண்டனை 32 நாளுக்குள் எட்டினர்.

செய்து பாருங்கள்

1. ஜோயோனின் 2018 பயணத்தின் சராசரி வேகம் என்ன? (விடை: மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர்)
2. அந்த வேகத்தில் 7 நிமிடம் 8 வினாடியில் எவ்வளவு தூரம் செல்லலாம்? (விடை: சுமார் 4.3 கிலோமீட்டர்)
3. மாலுமியின் திறமையை மட்டும் அளக்க நீங்கள் ஒரு பந்தயம் அமைத்தால், எந்தெந்த மாறிகளைக் கட்டுப்படுத்துவீர்கள்? வகுப்பில் நண்பர்களோடு விவாதியுங்கள்.