இதய நோயைக் காட்டும் குருதிக் குறிப்பான்கள்

மூடிய கைப்பிடி அளவே உள்ள நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உடல் முழுவதற்கும் குருதியை இறைத்துத் தரும் இவ்வுறுப்பு, தன் அறைகளில் நிறைந்துள்ள குருதியைத் தன் தசையின் தேவைக்கு நேரே எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் வலம், இடம் என்னும் இரு கரோனரி தமனிகளே இதயத் தசைக்கு உயிர்வளியையும் உணவையும் கொண்டு சேர்க்கின்றன. கொழுப்புப் படிந்து இவ்வாய்க்கால்கள் தூர்ந்துபோவதே கரோனரி தமனி நோய். அடைப்பு முற்றிக் குருதியோட்டம் தடைப்பட்டால் தசை இறக்கத் தொடங்குகிறது, அதுவே மாரடைப்பு.

பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும் இந்நோயைச் சிறிதளவு குருதியைக் கொண்டே கண்டறிய இயலுமா? ஓரளவு இயலும். ஆயின், குருதியிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ‘தசை சேதமுற்றதா?’ என்பது ஒரு வினா; ‘தமனி தூர்ந்து வருகிறதா?’ என்பது மற்றொரு வினா. ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்வது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

சேதத்தை அறிவிப்பன

இதயத் தசையின் செல் இறக்கும்போது அதன் மெல்லுறை சிதைந்து, உள்ளிருந்த பொருள்கள் குருதியில் கசிகின்றன. அப்பொருள்களை அளந்தால் சேதத்தை அறியலாம். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான லடூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர், மாரடைப்புற்றவர்களின் குருதியில் எஸ்.ஜி.ஓ.டி. என வழங்கிய நொதி மிகுவதைக் கண்டு வெளியிட்டனர். ஆனால் இந்நொதி கல்லீரலிலும் உண்டு. காமாலை கண்டவருக்கும் இது உயரலாம். பின்னர் வழக்கத்திற்கு வந்த சி.கே.-எம்.பி. என்னும் நொதி இதனினும் நம்பத்தக்கது. எனினும் அதுவும் எலும்புத் தசைகளில் சிறிதளவு இருப்பதால் ஐயம் முற்றிலும் அகலவில்லை.

இவ்வையத்தைப் பெரிதும் போக்கியது டிரோபோனின் என்னும் புரதம். 1960-களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷியும் அவருடைய குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். அன்று அவர்கள் ஆராய்ந்தது மாரடைப்பை அன்று. கால்சியம் எவ்வாறு தசையைச் சுருங்கச் செய்கிறது என்பதையே. டிரோபோனினில் சி, ஐ, டி என மூன்று உறுப்புகள் உள்ளன. அவற்றுள் ஐ, டி ஆகிய இரண்டும் இதயத் தசையில் தனி வடிவம் கொண்டவை. அத்தனி வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளக்கும் முறைகள் 1980-களின் இறுதியில் உருவாயின. பழைய முறைகளில் மாரடைப்புத் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரத்திற்குப் பின்னரே டிரோபோனின் புலப்பட்டது. உயர்ந்த அளவு ஒரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்புக்கு வகுத்த புதிய வரையறையில் டிரோபோனின் முதன்மை இடம் பெற்றது.

இன்றைய நுண்ணுணர்வு முறைகள் ஒரு லிட்டர் குருதி நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கே இருப்பினும் அளந்துவிடுகின்றன. எனவே நோயாளி வந்தவுடன் ஒரு முறையும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் மறுமுறையும் குருதி எடுத்து ஒப்பிடுகின்றனர். ஏன் இருமுறை? சிறுநீரக நோய், இதயத் தசை அழற்சி, நெடுந்தொலைவு ஓட்டம் ஆகியவற்றாலும் டிரோபோனின் உயரக்கூடும். நாட்பட்ட நோயில் அளவு பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும். புதிய சேதமாயின் ஏறவோ இறங்கவோ செய்யும். அப்போதும், சேதத்திற்குக் காரணம் தமனி அடைப்புத்தானா என்பதை நோய்க்குறிகளையும் ஈ.சி.ஜி.யையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வர்.

வரவிருப்பதை உணர்த்துவன

இனி, இரண்டாம் வினாவிற்கு வருவோம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, குருதியில் கொலஸ்டிரால் மிகுந்தவர்க்கு இதய நோய் மிகுதியாக வருவதை எடுத்துக்காட்டியது. அதில் ‘கெட்ட கொலஸ்டிரால்’ எனப்படும் எல்.டி.எல். தமனிச் சுவரில் புகுந்து படிவது. இதனைச் செல்கள் ஈர்த்து அகற்றும் வழியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

லிப்போபுரதம்-ஏ என்பது மற்றொன்று. 1963-இல் நார்வே நாட்டின் கோரே பெர்க் கண்டறிந்த இதன் அளவு பெரிதும் மரபுவழி அமைவது. ஆகவே வாழ்நாளில் ஒரு முறையேனும் இதனை அளந்து கொள்வது நன்று என்று இதயவியல் வல்லுநர்கள் கூறுகின்றனர். தமனிப் படிவின் வளர்ச்சியில் அழற்சிக்கும் பங்குண்டு. அழற்சியின்போது கல்லீரல் உண்டாக்கும் சி-வினைப் புரதம் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் நிலையாக இருப்பின் ஆபத்து மிகுதி என்பர். ஆனால் சாதாரணக் காய்ச்சலிலும் இது உயரும்.

வெள்ளையணுக்களில் 23 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து அடைப்பைக் கணிக்கும் முறையொன்றின் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. எனினும் அது பொது வழக்காக நிலைபெறவில்லை. நுண் ஆர்.என்.ஏ.க்களும் ஆராயப்பட்டு வருகின்றன.

நினைவிற்கொள்ள வேண்டியவை

எல்.டி.எல். முதலியன ஆபத்தின் அளவைக் கூறுவனவேயன்றி, எந்தத் தமனியில் எவ்வளவு அடைப்பு என்று காட்டுவன அல்ல. அதற்கு ஆஞ்சியோகிராம் போன்ற படப் பரிசோதனைகளே வேண்டும். டிரோபோனின் இயல்பாக இருப்பின் தமனிகள் தூய்மையாக உள்ளன என்பதும் பொருளன்று. தசை இன்னும் சேதமுறாத நிலையில் பெரும் அடைப்பு இருக்கலாம். வலி தொடங்கிய முதல் மணியில் எடுத்த குருதியில் டிரோபோனின் உயராமலும் இருக்கலாம்.

ஆகவே நெஞ்சுவலி கண்டவர் தாமே ஆய்வுக்கூடம் சென்று, ‘இயல்பு’ என்ற ஒரு சீட்டைப் பெற்று வீடு திரும்புவது பேராபத்து. நீரிழிவு நோயாளரிடமும் பெண்களிடமும் வலி தெளிவாக வெளிப்படாமல், மூச்சுத்திணறல், வியர்வை, தாடை வலி, காரணமற்ற சோர்வு என்ற வடிவிலும் மாரடைப்பு வரக்கூடும். அத்தகையோரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். ஈ.சி.ஜி.யிலேயே மாரடைப்புத் தெளிவாகத் தெரியின், மருத்துவர்கள் குருதி முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவர். ஒவ்வொரு நிமிடமும் தசை இறந்துகொண்டிருக்கிறது என்பதே காரணம்.

முடிவுரை

தசை சுருங்குவது எவ்வாறு என்று அறிய முனைந்த ஆய்வு, இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் உயிர் காக்கத் துணைபுரிகிறது. அடிப்படை அறிவியல் உடனடிப் பயன் தராதது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். அறிவியல் பயிலும் நாமோ மற்றொன்றையும் கற்கவேண்டும். அளவையின் எண்ணை அறிந்தால் மட்டும் போதாது; அது எந்த வினாவிற்கு விடை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டில் மூத்தோர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமரும் வேளையில் இவ்வறிவு நமக்கு உதவும்.