பட்டிக் குதிரையையும் அதனைச் செலுத்துவோரையும் பழக்குதல்

இலங்கையில் மாட்டுப் பட்டிகளைக் குதிரைமேல் அமர்ந்து ஓட்டும் வழக்கம் வேரூன்றவில்லை. வன்னியிலும் கிழக்கு மாகாணத்திலும் பட்டிக்காரர் நடந்தே மாடுகளைச் சாய்த்துச் செல்வர். பரந்த மேய்ச்சல் நிலங்களையுடைய அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலேயே இத்தொழில் பெரிதும் வளர்ந்தது. அங்குள்ள நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் இனம் பெருக்கப்பட்டு, பட்டி வேலைக்கும் படைக்கும் ஒருங்கே உதவிய குதிரைகள் 19ஆம் நூற்றாண்டில் சென்னை, கல்கத்தா துறைமுகங்களில் வந்திறங்கி ‘வேலர்’ என்னும் பெயரால் அறியப்பட்டன.

எனினும் குதிரை நமக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் நெடுந்தீவில் குதிரைகள் வளர்க்கப்பட்டன. அவர்களுடைய லாயத்தின் இடிபாடுகள் இன்றும் அங்கு உள்ளன. அத்தீவில் இப்பொழுது கட்டின்றித் திரியும் மட்டக் குதிரைகள் நாட்டின் அரும்பொருளாகக் காக்கப்படவேண்டியவை. அவற்றைப் பிடித்துப் பழக்க எவரும் முற்படலாகாது. கொழும்பில் 1893இல் திறக்கப்பட்ட பந்தயத் திடலில் இன்று குதிரைகள் ஓடுவதில்லை. பொலிசாரின் குதிரைப் படையை மட்டும் நகரத்தார் விழாக்களிற் காண்கின்றனர். ஆகவே கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வளர்ந்து, பண்ணைத் தொழிலை நாடி உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ செல்லும் இளைஞர் பலர், குதிரையை அருகில் முதன்முதலாகக் காண்பது வேலை தொடங்கும் நாளிலேயே ஆகும். அவர்களுக்காகவே இப்பாடம் எழுதப்படுகிறது.

குதிரையின் இயல்பு

குதிரை ஓடித் தப்பும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காணவல்லது. ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குப் பார்வை இல்லை. பின்புறமாக ஓசையின்றி அணுகுபவன் உதைபடுவது இதனாலேயே. தோளின் பக்கமாக, பேசிக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

அடித்தால் அது கற்கும் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அடியால் அது கற்பது அச்சம் ஒன்றே. தலைக்கயிற்றை மெல்ல இழுக்கிறோம். குதிரை ஓரடி எடுத்து வைக்கிறது. அக்கணமே கயிற்றைத் தளர்த்துகிறோம். இழுப்புத் தளர்ந்த அந்தக் கணத்திலேதான் குதிரைக்குப் பாடம் விளங்குகிறது. குதிரை அசைந்த பின்னரும் இழுத்துக்கொண்டே இருப்பின், அசைவதால் பயனில்லை என அது உணர்ந்து, நாளடைவில் இழுப்பையே பொருட்படுத்தாது விடும். ‘வாய் மரத்த குதிரை’ என்று பழிக்கப்படுபவை பெரும்பாலும் இவ்வாறு கெடுக்கப்பட்டவையே. கடிவாளத்தைக் கடினமானதாக மாற்றுவது இக்குறைக்கு மருந்தாகாது.

தரையிற் பழக்குதல்

முதற் சில வாரங்கள் ஏறாமலே பழக்குக. நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் போதும். உடன் நடத்தல், நிற்றல், பின்னே அடி வைத்தல், பின்காலை விலக்கித் திரும்புதல் ஆகிய நான்கும் கைக்கு இசைந்த பின்னரே சேணத்தைக் காட்டலாம். கயிற்றை ஒருபோதும் கையிற் சுற்றிக் கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டால் விரல்கள் போகும்.

மூன்று வயதுக்கு முன் ஏறுதல் தகாது. முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற ஐந்து ஆறு ஆண்டுகள் செல்லுமாதலால் கடும் வேலையை அதுவரை ஒத்திவைப்பது நன்று. சேணத்தோடு சேர்ந்த சுமை குதிரையின் நிறையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டலாகாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோவே எல்லை.

சவாரி பயில்வோர்

புதியவர் கையில் முதலில் கடிவாள வாரைக் கொடுக்கவே கூடாது. ஆசிரியர் நீண்ட கயிற்றால் குதிரையை வட்டமாக நடத்த, பயில்வோர் வாரின்றி அமர்ந்து உடற்சமநிலையைக் கற்கவேண்டும். இல்லையேல் தடுமாறும்போதெல்லாம் வாரைப் பிடித்துத் தொங்குவார்; அந்நோவு முழுவதும் குதிரையின் வாய்க்கே. காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகியவை ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றுக. குதியுள்ள சப்பாத்து அணிவது அலங்காரத்துக்கன்று. வெறும் செருப்புடன் ஏறுபவரின் பாதம் அங்கவடியினுட் புகுந்து சிக்கி, விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்ல நேரும். தலைக்கவசம் கட்டாயமானது.

குதிரை கட்டுமீறும்போது இரு வார்களையும் ஒருங்கே இழுத்தால் அது மேலும் பலங்கொண்டு ஓடும். ஒரு வாரை மட்டும் சிறிது சிறிதாக இழுத்து வட்டத்துட் கொண்டுவந்து, வட்டத்தைச் சுருக்கி நிறுத்தவேண்டும். முழு வேகத்திற் சடுதியாகத் திருப்பினால் குதிரையே சரிந்து விழும். இதனை நடையிலே நூறுமுறை பழகியவருக்கே ஓட்டத்திற் கைகூடும்.

மாடுகளின் நடுவே

மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதனுட் புகுந்தால் விலகும், வெளியேறினால் நிற்கும். அதன் தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கின் முன்னே நடக்கும். தோளுக்கு முன்னே வந்தால் நின்று திரும்பும். மாடு விரும்பிய திசையில் நடக்கத் தொடங்கியதும் குதிரையைத் தாமதிக்கச் செய்க. குதிரைக்கு வாரைத் தளர்த்தியதும் மாட்டுக்கு எல்லையை விட்டு விலகுவதும் ஒரே பாடமாகும். விரட்டப்பட்ட பசுவுக்குப் பால் குறையும். கன்றுகள் தாயைப் பிரிந்து மிதிபடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பந்தயத்தினின்று விலக்கப்பட்ட குதிரை மலிவாகக் கிடைப்பதுண்டு. அருகில் ஒன்று ஓடினால் தானும் முந்தி ஓடவேண்டும் என்றே அது பழக்கப்பட்டிருக்கும். பாயும் மாடுகளிடையே அப்பழக்கம் உயிருக்கே கேடாகும். ஆண்டு ஒன்றாயினும் பொறுமையாக மீளப் பழக்க வசதியில்லாதோர் அதனை வாங்காதிருத்தலே நன்று.

வெப்பமும் வியர்வையும்

கொழும்பை ஒத்த கரையோரங்களில் வெப்பத்தோடு ஈரமும் மிகுதி. வேலையைக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வைத்துக்கொள்க. வேலை முடிந்ததும் உடல் முழுவதும் நீரைத் தொடர்ந்து ஊற்றி, நிழலில் நடத்துக. குடிநீர் நாளொன்றுக்கு 30 முதல் 50 லீற்றர் வரை தேவைப்படும், உப்பும் வைக்கவேண்டும்.

குளிர் நாடுகளிலிருந்து வந்த குதிரைகள் சில, ஈரவெப்பத்தில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும். வேலைக்குப் பின் தோல் உலர்ந்தே இருக்க மூச்சு மட்டும் விரைந்து வாங்குமாயின், அதுவே அதன் அடையாளம். அத்தகைய குதிரையின் சேணத்தை உடனே அகற்றி, நிழலில் நிறுத்தி, நீரூற்றிக்கொண்டே கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதனை வேலைக்கு எடுக்கலாகாது.