கிளி பறப்பது இறக்கையால் மட்டுமா?

நத்தம் சாலை மாந்தோப்புகளில் காய் திரளும்போது, ஒட்டன்சத்திரம் பக்கத்து மக்காச்சோளக் கதிரில் பால் பிடிக்கும்போது, விடிந்ததும் கீச்சிட்டபடி வந்து இறங்கும் பச்சைக்கிளியைத் திண்டுக்கல்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மொட்டைப் பனையின் பொந்துதான் அதற்குப் பிரசவ அறை. தினமும் பார்க்கிற பறவை என்பதால், அது எப்படிப் பறக்கிறது என்பது பற்றி நம்மிடம் பேச்சும் நிறைய. அந்தப் பேச்சில் சில வெறும் தவறு. சில, கிளியின் வாழ்வையே கெடுப்பவை.

நம்பிக்கை 1: எலும்புக்குள் காற்று இருக்கிறது, உடம்பு லேசு, அதனால் பறக்கிறது.

உண்மை: கிளியின் சில எலும்புகள் உள்ளே கூடானவைதான். ஆனால் அந்த எலும்பின் சுவர் அடர்த்தியும் விறைப்பும் மிக்கது. உடல் எடையோடு ஒப்பிட்டால், பறவையின் எலும்புக்கூடு அதே அளவு பாலூட்டியின் எலும்புக்கூட்டைவிடப் பெரிதாக எடை குறைந்ததல்ல. இலவம் பஞ்சும் லேசானதுதான். காற்று போகிற பக்கம் போகும். கிளியோ ஆடிக் காற்றை எதிர்த்து அடையும் மரத்துக்குத் திரும்புகிறது. அதற்கு வேண்டியது வலு.

நம்பிக்கை 2: இறக்கையைத் தூக்குவது முதுகுத் தசை.

உண்மை: தூக்குவதும் நெஞ்சுத் தசைதான். நெஞ்செலும்பு படகின் அடிமரம்போலத் துருத்தி நிற்கிறது. அதன் இரு பக்கமும் ஒட்டிய பெரிய தசை இறக்கையைக் கீழே இழுக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் சிறிய தசையின் நார், தோள் எலும்புகளுக்கு நடுவே ஒரு துளைவழியாக ஏறி, இறக்கை எலும்பின் மேல்புறம் சேர்கிறது. கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மாடுகள் சரிவில் இறங்கும். உருளையில் ஓடும் வடம், கிணற்றுத் தண்ணீர் நிறைந்த சால் எனும் பாத்திரத்தை மேலே கொண்டுவரும். அதேபோல் தசை கீழே இழுக்க, இறக்கை மேலே எழுகிறது.

நம்பிக்கை 3: துடுப்புப் போடுவதுபோல் காற்றைப் பின்னால் தள்ளிப் பறக்கிறது.

உண்மை: தோப்பு வரப்பில் கிடந்த நீளமான கிளி இறகு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தண்டு நடுவில் இல்லை. ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். குறுகிய பக்கம் முன்னால் நின்று காற்றைக் கிழிக்கும். இறக்கை கீழ்நோக்கியும் சற்று முன்நோக்கியும் வீசும்போது அகன்ற பக்கம் மேலே வளைய, இறகு முறுக்கிக்கொள்கிறது. இறக்கை நுனியின் இறகுகள் இப்படி மின்விசிறித் தகடுபோலாகிப் பறவையை முன்னே இழுக்கின்றன. உடம்பை ஒட்டிய உட்பகுதி, விமான இறக்கைபோல் தாங்கிப் பிடிக்கிறது. இறக்கையை மேலே தூக்கும்போது கிளி அதைச் சற்று மடக்கிக்கொள்கிறது.

அந்த இறகை எதிர்த்திசையில் நீவினேன், பிரிந்தது. நேராக நீவினேன், ஜிப் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. கிளி நாள்தோறும் அலகால் இறகு கோதுவது இந்தக் கொக்கிகளைச் சேர்த்துவைக்கவும்தான்.

நம்பிக்கை 4: இறகை நறுக்கினால் வலிக்காது; நகம்போல் வளர்ந்துவிடும்.

உண்மை: முற்றிய இறகை வெட்டினால் வலிக்காது என்பது சரி. வளர்ந்துவிடும் என்பது சரியல்ல. நகம் அடியிலிருந்து தொடர்ந்து வளரும். நறுக்கிய இறகோ அப்படியே நிற்கும். அந்தத் தண்டு உதிர்ந்து புது இறகு முளைத்தால்தான் உண்டு. கிளி பறக்கும் இறகுகளை மாற்றுவது பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. முளைத்துவரும் இளம் இறகில் ரத்தம் ஓடுகிறது. அதை வெட்டினால் ரத்தம் கொட்டும். ஒரு பக்கம் மட்டும் நறுக்கப்பட்ட கிளி, எழும்ப முயன்று நிலைகுலைந்து தரையில் விழும். நெஞ்செலும்பிலேயே அடிபடும்.

நம்பிக்கை 5: வீட்டுக்குள் திறந்துவிட்டால் போதும்; பறந்த மாதிரிதான்.

உண்மை: நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் பட்ஜரிகர், ஆஸ்திரேலியக் கிளி இனம். அமெரிக்க விஞ்ஞானி வான்ஸ் டக்கர் அதைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு, அது செலவிடும் ஆக்சிஜனை அளந்து 1968இல் வெளியிட்டார். மணிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில்தான் அதற்குச் செலவு மிகக் குறைவு. வேகம் குறைந்தால் செலவு கூடியது. பத்தடி அறையில் கிளிக்கு அந்த வேகமே கிட்டாது. சுவருக்குச் சுவர் திணறிப் படபடப்பதே மிச்சம். ஆண்டுக்கணக்கில் கூண்டில் கிடந்த பறவைக்கு நெஞ்சுத் தசை நலிந்திருக்கும். அதை மாடியிலிருந்து ‘போய்ப் பிழை’ என்று பறக்கவிடுவதும் நன்மையாகாது. பூனைக்கும் காகத்துக்கும் அது எளிதாக அகப்படும்.

நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கூண்டுக்கிளி இருந்தால், நீங்களே திறந்துவிடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். தோட்டத்தில் மொட்டைப் பனை நின்றால் அதை வெட்டாமல் விடுங்கள். அடுத்த குஞ்சு அதன் பொந்திலிருந்துதான் முதன்முறை பறக்கும்.